கறுப்பையா பிடித்த ஒரே மீன்

குளத்துக் காவல்காரர் முதியான்சே என் வீட்டுக்காரரை முதுகில் சுமந்துகொண்டு மலையிலிருந்து இறங்கி வந்ததை முதலில் பார்த்தவள் அடுத்த காம்பரா லெச்சுமி. மலைநீர் கொட்டும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள், குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்து என் கதவைத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆடி மாதத்து மழை. சில நாட்களாகவே எனக்குக் காய்ச்சல். சற்று முன்பு கண் விழித்தபோது பக்கத்துச் சாக்குக் கட்டிலில் அவர் இல்லை. அவருடைய கம்பளியையும் காணவில்லை. பின்பக்கம் போயிருப்பார், வந்துவிடுவார் என்று மறுபடியும் கண்ணை மூடிய நேரத்தில்தான் லெச்சுமி தட்டினாள்.

“அக்கா, அண்ணன வாச்சர் தூக்கிட்டு வாறாரு” என்றாள்.

எழுந்து வாசலில் வந்து நின்றேன். தேயிலைக்கு நடுவே குளத்திலிருந்து இறங்கும் குறுக்குப் பாதை முழுக்கப் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து முதலில் ஒரு காக்கிக் கோட்டு தெரிந்தது. பிறகு அந்தக் கோட்டின் தோளில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரரின் தலை. தோள்பட்டை சிவப்பாய் நனைந்திருந்தது.

வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனம் முழுவதும் வெளியே வந்து நின்றது. யாரும் கிட்டப் போகவில்லை. அவருக்குக் கசநோய் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய வலது கை முதியான்சேயின் மார்புக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் இறுகியிருந்தன. அந்தக் கையில், செவுள் வழியே குச்சி கோத்த ஒரு மீன்.

அது தோட்டத்துத் துரையின் மீன். அதைப் பிடித்தால் பேர் வெட்டு.

இத்தனை வாரமாய் எழுதாதது

பிள்ளைக் காம்பராவில் நான் ஆயாவாக இருந்த கதைகளை இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விடியற்காலையில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளைப் பற்றி, தூளிகளைப் பற்றி, பால்மா கரைக்கும் அடுப்பைப் பற்றியெல்லாம் எழுதிவிட்டேன். சென்ற வாரம் வந்ததைப் படித்துவிட்டு என் அண்ணன் மகள், “அத்தை, மாமாவப் பத்தி ஒரு வரிகூட எழுதலியே” என்று கேட்டாள்.

எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன் என்பதுதான் உண்மை. அவரைப் பற்றி எழுதினால் அந்தக் குளத்தைப் பற்றி எழுத வேண்டும். குளத்தைப் பற்றி எழுதினால் முதியான்சேயைப் பற்றி எழுத வேண்டும். மூன்றையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்து, எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையும் வாக்கும் பறிபோய்ச் சில வருஷங்கள் கழிந்திருந்த காலம். எங்கள் தோட்டம் பட்டிப்பொல ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்து வரும் தூரத்தில், குளிர் அதிகமான உயரத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் கறுப்பையா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை ஒரே வெட்டில் சரியான மட்டத்துக்குக் கொண்டுவரும் கை. கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்கு வந்தால் கவ்வாத்துக் கத்தியின் இரும்பு வாசமும் பச்சைக் கிளை வாசமும் சேர்ந்து வரும்.

நிற்கக் கூடாது

தேயிலை மலைக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில் அந்தக் குளம். தேயிலை ஆலையான இஸ்டோரின் மெஷினை ஓட்டத் தண்ணீர் வேண்டுமென்று, முன்பிருந்த துரைமார் ஓர் ஓடையை மறித்துக் கட்டியது. ஒரு பக்கம் கல்லணை. எதிர்ப்பக்கம் ஓடை வந்து விழும் வாய். நடுவில் கறுத்த தண்ணீர். அதற்குள் ட்ரவுட் என்ற மீனை விட்டு வளர்த்தார்கள். எங்கள் ஆட்கள் அதைத் துரைமீன் என்றார்கள்.

அந்த மீன் இந்த நாட்டு மீனில்லை. நுவரெலியாப் பக்கம் குஞ்சு பொரிக்க வைக்கும் ஓர் இடத்திலிருந்து தகரப் பீப்பாய்களில் லொறியில் வரும். லொறி ஏறாத இடத்திலிருந்து ஆட்கள் தலையில் சுமந்து குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு தடவை கறுப்பையாவும் சுமந்திருக்கிறார்.

அதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். பீப்பாயில் இருக்கும் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஆடாமல் நின்றால் குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே வழியில் எங்கேயும் இளைப்பாறக் கூடாது.

“நிக்கவே விடல பவளம். மூச்சு வாங்குனாலும் நட, தண்ணிய ஆட்டிக்கிட்டே நடன்னாங்க. கழுத்து ஒடிஞ்சு போச்சு. குளத்துல ஊத்துனப்ப எறும்பு மாதிரி இருந்துச்சு ஒவ்வொன்னும்.”

துரைக்குத் தெரிந்த வேறு துரைமார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். முழங்காலுக்கு மேலே வரும் ரப்பர் பூட்ஸ், வளைகிற பிரம்பு, முள்ளில் கட்டிய கோழி இறகு. இறகைத் தண்ணீரின் மேல் ஈ உட்காருவது போல எறிவார்கள். குளத்தைக் காவல் காக்கப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து முதியான்சேயை வாச்சராக வைத்திருந்தார்கள். நெடிய ஆள். தோட்டம் கொடுத்த காக்கிக் கோட்டு, பித்தளைப் பொத்தான், கையில் கம்பு. சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பேர் வெட்டு என்றால் என்னவென்று வெளியே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் இருந்து பெயரை அடித்து, வேலையிலிருந்து விலக்கும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, காம்பராவைக் காலி செய்யச் சொல்வார்கள். வேறு தோட்டம் சுலபத்தில் எடுக்காது. எந்த நாட்டுக்கும் உரியவரென்று எழுத்தில் இல்லாத ஆளுக்கு, லயத்தை விட்டால் படுக்க ஓர் இடம் கிடையாது.

இருமல்

முதலில் சாதாரண இருமல்தான். பிறகு காலையில் பேர் எடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும்போதே மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒருநாள் கவ்வாத்து மலையில் இரத்தம் துப்பினார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா கீழ்நாட்டில் இருந்த நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பல மாதம் அங்கே இருந்து, ஊசிகள் போட்டு, எலும்பும் தோலுமாய்த் திரும்பி வந்தார்.

ஊசி நோயை நிறுத்தும், ஆளை எழுப்புவது சாப்பாடுதான் என்று டிஸ்பென்சர் ஐயா என்னிடம் சொன்னார். பால் கொடு, முட்டை கொடு, மீன் கொடு என்றார். எங்களுக்கு வந்தது அரிசியும் கோதுமை மாவும். என்னுடைய பேர் மட்டும்தான் செக்ரோலில் இருந்தது. அவருடைய இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். முட்டை எப்போதாவது கிடைக்கும். மீன் என்று இருந்தது கருவாடு. அதைத் தின்றால் இருமினார்.

அக்கம் பக்கத்துச் சனம் கெட்டவர்களில்லை. பயந்தவர்கள். அவர் வாசலில் உட்கார்ந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். பிள்ளைக் காம்பராவில் நான் வேலை செய்வதே பிடிக்காமல் சிலர் கங்காணியிடம் முறையிட்டார்கள். டிஸ்பென்சர் ஐயா என்னைச் சோதித்து, எனக்கு நோயில்லை என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். லெச்சுமி மட்டும் தினமும் வந்து கதவருகே நின்று, “அண்ணன் சாப்பிட்டாரா” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

விறகு பொறுக்க மேலே போயிருந்த ஒரு நாள், குளத்தருகே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். பனி விலகித் தண்ணீர் கண்ணாடியாகத் தெரிந்தது. ஓடை வந்து விழும் வாய்க்குக் கீழே அவை நின்றன. எல்லாம் ஓடையைப் பார்த்தபடி, வாலை மட்டும் அசைத்துக்கொண்டு, வருவதை வாங்கித் தின்ன நின்றன. எறும்பு மாதிரி வந்தவை முழங்கை நீளம் இருந்தன.

எழுந்து வீட்டுக்கு வந்தேன். அந்த வாரமே கடைத்தெருவில் காதர் நானாவிடம் தூண்டில் முள் கேட்டேன். “என்னத்துக்கு மகள்?” என்றார். நான் காசை நீட்டினேன். சிறிய முள்ளாகப் பார்த்துப் பொறுக்கி, கடுதாசியில் சுற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

தண்ணீரில் கற்றது

ஆற்று மீனுக்குச் செய்வது போலக் கயிற்றில் கல் கட்டி அடியில் போட்டேன். முள் வேரில் மாட்டியதுதான் மிச்சம். இரண்டாம் தடவை மண்புழு கோத்து நடுக் குளத்தை நோக்கி எறிந்தேன். ஒன்றும் வரவில்லை. கரையில் நிமிர்ந்து நின்று எறிந்ததால் என் நிழலைக் கண்டே அவை போய்விட்டன என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த மீனுக்குக் கண் கூர்மை. எப்போதும் ஓட்டத்துக்கு எதிராகப் பார்த்து நிற்கும். ஆகவே அதன் வால் பக்கமாகத்தான் போக வேண்டும். குனிந்து, புல்லோடு புல்லாகப் போக வேண்டும். அதிர்ந்து கால் வைத்தால் போயிற்று. ஓடையின் வாயில் இடுப்புக்குக் கீழ்வரை தண்ணீரில் இறங்கி, அசையாமல் நிற்க வேண்டும். கால் முதலில் வலிக்கும், பிறகு மரத்துவிடும்.

கல் கட்டக் கூடாது. புழுவை ஓடைத் தண்ணீரே கொண்டுபோக விட வேண்டும். மலையில் முளைக்கும் சிறு மூங்கில்தான் என் பிரம்பு. துரைமார் மரக்கிளையில் சிக்கவிட்டுப்போன தூண்டில் நரம்பை அவிழ்த்து எடுத்து முடிந்துகொண்டேன். மண்புழுவைவிடச் சாணிக்குழியில் இருக்கும் வெள்ளைப் புழுவுக்கு நன்றாக வரும். மழை விட்டதும் ஈசல் பறக்கும் நாளில் ஈசலைத் தவிர வேறெதையும் தொடாது.

வெயில் அடிக்கிற நாளில் வேலையில்லை. காற்று அடித்துத் தண்ணீர் சுருங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி இறங்கியிருக்க வேண்டும். லேசான மழைக்குப் பிறகு தண்ணீர் தேத்தண்ணீர் நிறமாக வரும்போது கரைக்கு மிக அருகில் வரும். பெருமழையில் சேறானால் போய் ஒளிந்துகொள்ளும்.

முதல் மீன் மாட்டியபோது பயத்தில் சுண்டி இழுத்தேன். அறுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்தது மாட்டியபோது மூங்கிலை மட்டும் மெல்லத் தூக்கிப் பிடித்து, அது ஓட ஓட விட்டேன். களைத்து ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. வயிற்றுக்குக் கீழே கையை விட்டுக் கரையில் தள்ளினேன். உடம்பெல்லாம் புள்ளிகள், ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு. கல்லால் தலையில் அடித்தேன். எனக்கு அழுகை வந்தது. அது மீனுக்காக வந்த அழுகையில்லை.

பிள்ளைக் காம்பரா பின்னேரம் முடிந்ததும் விறகுக் கயிற்றோடு மேலே போவேன். பனி இறங்கும் நேரம் அதுதான். மீனை விறகுக் கட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வருவேன். பொரித்தால் லயம் முழுக்க மணக்கும். ஆகவே கொறக்காப்புளி போட்டு, கதவைச் சாத்தி, ரசம் போலக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். முள்ளையும் தலையையும் முட்டைக்கோவாப் பாத்தியில் ஆழமாகப் புதைத்தேன். லெச்சுமிக்கு மணந்துதான் இருக்கும். இரு காம்பராவுக்கும் நடுவில் இருப்பது கூரையைத் தொடாத ஒரு சுவர். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

முதியான்சே

பனி அடர்ந்த ஒரு பின்னேரம். முள்ளில் ஒரு மீன் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

“நங்கி, கொடட்ட எண்ட” என்றது குரல். தங்கச்சி, கரைக்கு வா.

கரைக்கு வந்தேன். மூங்கிலைக் கீழே போடவும் தோன்றவில்லை. மீன் அப்போதும் இழுத்துக்கொண்டிருந்தது. முதியான்சே குனிந்து, அதைப் பிடித்து, முள்ளைக் கழற்றினார். யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், வீட்டுக்காரருக்கு நெஞ்சு நோய் என்றேன்.

மீனை என் விறகுக் கட்டின் மேல் வைத்தார். பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் அவர் சொன்னது இவ்வளவுதான்: சேற்றில் கால் வைக்காதே, கல்லில் வை, உன் பாதம் பதிந்திருப்பதைப் பார்த்துத்தான் இன்றைக்கு வந்தேன். செதிலைக் கரையில் விடாதே, துரையின் நாய் மோப்பம் பிடிக்கும்.

அதற்குப் பிறகு, துரை குளத்துக்கு வரப்போகிற நாளில் முதியான்சே பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நின்று, சுருட்டுக்கு நெருப்புக் கேட்பார். நான் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டை எடுத்துக் கொடுப்பேன். வேறு பேச்சு இல்லை. அன்றைக்கு நான் மேலே போக மாட்டேன். ஏன் இதைச் செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

கட்டிலில் இருந்த குளம்

காதர் நானா கடையில் வாங்கியது என்று முதல் மீனைக் கறுப்பையாவிடம் சொன்னேன். ஒரு வாய் சாப்பிட்டதும் என்னைப் பார்த்தார்.

“இது கடையில விக்கிற மீன் இல்ல” என்றார்.

மறைக்க முடியவில்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டியில் இருந்ததைத் தின்று முடித்தார். பிறகு, “நான் சொமந்ததத்தானே திங்கிறேன்” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து தினமும் கேட்பார். எங்கே நின்றாய், தண்ணீர் எதுவரை, காற்று எந்தப் பக்கம், புழுவை எடுத்ததா ஈசலை எடுத்ததா, எடுக்கும்போது மேலே வந்ததா அடியிலேயே எடுத்ததா. நான் விளக்கருகே உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டே சொல்வேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். எங்களுக்குள் அவ்வளவு பேச்சு அதற்கு முன்னால் இருந்ததில்லை. கல்யாணமாகி, ஒரு பிள்ளை செத்துப் பிறந்து, அதற்குப் பிறகு இருவரும் வேலைக்குப் போய்வந்து தூங்கினோம், அவ்வளவுதான்.

சிலநாள் வாக்குவாதமும் வரும். வெயில் காலத்தில் கல்லணைப் பக்கம், மதகுக்கு அருகில்தான் மீன் போய் நிற்கும், அங்கேதான் ஆழம், குளிர்ச்சி என்பார். அங்கே என் மூங்கில் எட்டாது என்பேன். நரம்பை நீளமாகக் கட்டச் சொன்னார். கட்டிப் பார்த்தேன். கல்லிடுக்கில் மாட்டி முள் போனது. “நீ அவசரப்பட்டிருப்ப” என்றார். “நீங்க போய்ப் புடிச்சுப் பாருங்க, தெரியும்” என்றேன். இருவரும் சிரித்தோம்.

மெல்லமெல்ல உடம்பில் சதை வைத்தது. இருமல் குறைந்தது. பீலி வரைக்கும் நடந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். மழைக்காலம் போகட்டும், இஸ்டோரில் இலேசான வேலை எதையாவது துரையிடம் கேட்டுப் பார்ப்போம் என்று டிஸ்பென்சர் ஐயா சொன்னார். நான் அந்த வார்த்தையை நம்பினேன். கறுப்பையாவும் நம்பினார்.

ஆடி மழை

பிறகு தென்மேல் மழை பிடித்தது. குளம் சேறாகிப் பல நாட்கள் மீன் இல்லை. நனைந்த துணியோடு போய்வந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. அவர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். இரவெல்லாம் நான் நடுங்கினேன் என்று பிறகு லெச்சுமி சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை சற்று விட்டிருந்தது. தண்ணீர் தெளியத் தொடங்கும் நேரம் என்று அவருக்குத் தெரியும். நான் சொல்லிச் சொல்லித்தான் தெரியும். இந்த மழையில் துரைமார் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். நான் தூங்கும் நேரம் பார்த்து, விறகுக் கயிறு, மூங்கில், முள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஏற்றத்தை எப்படி ஏறினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

முதியான்சே கண்டபோது ஓடையின் வாயில், தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாராம். மார்புவரை தண்ணீர். மீனை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாராம். அது உயிரோடு இருந்ததாம். சுற்றியிருந்த தண்ணீர் சிவந்திருந்ததாம். முதியான்சே இறங்கித் தூக்கினபோது அவர் மீனை மட்டும் விடவில்லை. முதியான்சேதான் அதைக் குச்சியில் கோத்து அவர் கையில் கொடுத்திருக்கிறார்.

காட்டுவழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நேரமாகும் என்று குறுக்குப் பாதையில், எல்லோர் கண்முன்னாலும் இறங்கி வந்தார். கங்காணி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கிடத்திவிட்டு முதியான்சே டிஸ்பென்சர் ஐயாவைக் கூப்பிட ஓடினார். ஐயா வந்து, ஓர் ஊசி போட்டு, என்னை வெளியே அழைத்துவந்து, ஆஸ்பத்திரிக்கு ரெயிலில் ஏற்றினாலும் தாங்காது என்றார்.

நான் உள்ளே போனேன். நனைந்த துணியை மாற்றினேன். அவர் கண் திறந்து, “கொழம்பு வை” என்றார்.

அடுப்பை மூட்டினேன். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. இருந்த எண்ணெயை ஊற்றி முதலில் பொரித்தேன், பிறகு புளி விட்டேன். மணம் லயம் முழுக்கப் போயிருக்கும். தட்டில் போட்டு அவர் வாயருகே கொண்டுபோனேன். தலையை அசைத்தார்.

“நீ தின்னு. நான் பாக்குறேன்.”

அதுவரைக்கும் அந்த மீனை நான் வாயில் வைத்ததில்லை. ஒரு துண்டு எடுத்து வைத்தேன். காய்ச்சல் நாக்கில் கசப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். முழுவதையும் தின்னச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, முள்ளை எடுத்துப் போட்டுப் போட்டு, முழுவதையும் தின்றேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நெடுநேரம் ஆனது. ஓடைக்கு மேற்கால நின்றேன். காற்று முகத்துக்கு நேராக அடித்தது. வெள்ளைப் புழு. முதல் தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டது. நான் அசையவில்லை. இரண்டாம் தடவை எடுத்தது.

“இழுக்கல பவளம். ஓட உட்டேன். நீ சொன்ன மாதிரியே ஓட உட்டேன்.”

“சரிங்க” என்றேன்.

மறுநாள் மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது உயிர் போயிற்று. குழி வெட்ட வந்தவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார்கள். முதியான்சே கட்டவில்லை.

ஆபீசில்

காரியம் முடிந்த பிறகு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கங்காணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நான் போனபோது முதியான்சேயின் விசாரணை முடிந்துவிட்டது. அவர் ஆபீஸ் வராந்தாவில் நின்று பித்தளைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோட்டு தோட்டத்துடையது. துவைத்திருந்தாலும் தோளில் கறை தெரிந்தது. அதை மடித்துப் பெரிய கிளாக்கரிடம் நீட்டினார். நோயாளியின் இரத்தம் என்று கிளாக்கர் கையால் வாங்கவில்லை. கீழே வைக்கச் சொன்னார். முதியான்சே படியில் வைத்தார்.

துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைக் கிளாக்கர் தமிழில் சொன்னார். என் வீட்டுக்காரர் எத்தனை நாளாய் மீன் திருடினார் என்று கேட்டார்கள்.

“அவரு ஒரே ஒரு மீன்தாங்க புடிச்சாரு” என்றேன். “மத்ததெல்லாம் நான் புடிச்சது. வாச்சருக்கு ஒன்னும் தெரியாதுங்க.”

கிளாக்கர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா என்பது போன்ற பார்வை. பிறகு துரையிடம் சொன்னார். மீனை என்ன செய்தாய் என்று கேள்வி வந்தது. அவருக்குக் கொடுத்தேன் என்றேன். பிழைப்பார் என்று கொடுத்தேன் என்றேன்.

துரை சன்னல் பக்கம் திரும்பினார். பிறகு ஏதோ சொன்னார். கிளாக்கர் அதை உடனே தமிழில் சொல்லவில்லை. துரை மறுபடியும் பார்த்ததும், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“புருஷன் செத்துட்டாரு. இனிமே ஒனக்கு மீன் தேவப்படாதுதானேன்னு தொர கேக்குறாரு.”

“தேவப்படாதுங்க” என்றேன்.

“அப்ப போய் வேலயப் பாரு.”

என் பேர் வெட்டப்படவில்லை. வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. கோட்டில்லாமல், இடுப்பில் சாரமும் கிழிந்த பெனியனுமாய் முதியான்சே படியருகே நின்றார். எனக்காகத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேலை போய்விட்டதே என்றேன்.

“எனக்கிப் போறதுக்கு ஊர் இரிக்கிதானே, நங்கி” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். “ஒனக்கி அது இல்லைதானே.”

அவர் தன் கிராமத்துப் பாதையில் இறங்கிப் போனார். நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். தூளிகளில் பிள்ளைகள் விழித்து அழுதுகொண்டிருந்தன.